ஷெட் சாய்வதற்குச் சில எளிய வழிகள்

இரும்பு ஷெட்டை நிற்க வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கப் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. இதற்கென்றே ஐ.எஸ். 800 என்ற இந்தியத் தர விதித்தொகுப்பு 1956-ல் வெளிவந்து, 2007-ல் அடியோடு திருத்தியும் எழுதப்பட்டது. ஆனால் விழ வைப்பது எப்படி என்று ஒருவரும் முறையாக எழுதி வைக்கவில்லை. ஊருக்கு ஊர் அவரவர் சொந்தத் திறமையில் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கையேடு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரும்பு லேசில் ஒத்துழைக்காது. கடையில் கிடைக்கும் சாதாரண மைல்டு ஸ்டீல், ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் 250 நியூட்டன், அதாவது சுமார் 25 கிலோ, இழுத்தாலும் விட்டவுடன் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். இந்தக் கணக்கில் 10 மி.மீ. கம்பி ஒன்று ஏறக்குறைய 2 டன் தாங்கும். ஒரு இன்னோவா காரையே கட்டித் தொங்கவிடலாம். அந்த எல்லையைத் தாண்டினாலும் பட்டென்று அறுந்துவிடாது. நீண்டு, வளைந்து, பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியும்படி அவஸ்தைப்பட்டு, 410 நியூட்டன் வரை போராடிவிட்டுத்தான் அறும். இப்பேர்ப்பட்ட பொருளைத் தோற்கடிக்க ஒரு ஆளால் ஆகாது. உரிமையாளர், பட்டறைக்காரர், மேஸ்திரி மூவரும் கைகோக்க வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு ஷெட்டை எடுத்துக்கொள்வோம். இடம் சென்னைக்குப் பக்கம். 20-க்கு 40 அடி. பக்கத்துக்கு 4 கம்பம், மொத்தம் 8. மேலே ட்ரஸ் என்ற முக்கோணச் சட்டங்கள், அவற்றின் குறுக்கே பர்லின், அதன் மேல் கலர் ஷீட்.

1. இன்ஜினியரை அண்டவிடாதீர்கள்

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் என்பவர் மனைப்பக்கம் வந்தால் வேலை கெட்டது. மண் எப்படி என்பார், காற்று எவ்வளவு என்பார், வரைபடம் இல்லாமல் ஒரு ஆங்கிளை வெட்டவிட மாட்டார். நேராகப் பட்டறைக்காரரிடம் போய்விடுங்கள். பேச்சு இப்படி அமைவது உத்தமம்:

"அண்ணே, எவ்வளவு இரும்பு பிடிக்கும்?"

"ரெண்டு டன்னுல முடிச்சிரலாம் சார்."

"கொஞ்சம் பார்த்துச் செய்யக் கூடாதா?"

"நீங்க கேட்டுட்டீங்க... ஒண்ணரையில முடிச்சுத் தரேன்."

"தாங்கும்ல?"

"யானை ஏறினாலும் அசையாது சார்!"

குறைந்த அரை டன் எந்த உறுப்பிலிருந்து குறைந்தது என்று கேட்டுவிடாதீர்கள். அவருக்கும் தெரியாது. யானை உத்தரவாதம் கிடைத்தவுடன் அட்வான்ஸைக் கொடுத்துவிடுவதுதான் மரியாதை.

2. காற்று என்று ஒன்று இருப்பதை மறந்துவிடுங்கள்

யானை உத்தரவாதத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. யானை கீழ்நோக்கி அழுத்தும். காற்றோ கூரையை மேல்நோக்கித் தூக்கும். தவிரவும், ஷெட் மேல் யானை ஏறியதாகச் செய்தி வந்ததில்லை. காற்று வருஷா வருஷம் ஏறுகிறது.

ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி காற்றுக்கானது. அது சென்னைக்குச் சொல்லும் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கோவைக்கும் மதுரைக்கும் 39. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, மறுபடி 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான அழுத்தம் நியூட்டனில் வந்துவிடும். சென்னைக்கு 1,500 நியூட்டன், சுமார் 150 கிலோ. கோவைக்கு 90-ஐக் கொஞ்சம் தாண்டும். வேகத்தில் வித்தியாசம் பதினொன்றுதான். அழுத்தத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல். ஆகவே, மச்சான் கோவையில் போட்ட ஷெட்டை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்தே சென்னையில் போடுவது மிகச் சிறந்த உத்தி.

நம்முடைய கூரை 74 சதுர மீட்டர். உயரம், சுற்றுப்புறம், கூரைச் சரிவு, எந்தப் பக்கம் திறப்பு என்பதைப் பொறுத்து எண் கூடும், குறையும். தோராயமாக வைத்துக்கொண்டாலும் பெரிய புயலில் கூரையைத் தூக்கும் விசை 11 டன். இரும்பும் ஷீட்டும் சேர்த்து ஷெட்டின் எடை 2 டன்னுக்குள். மீதி 9 டன்னைக் கீழே பிடித்து வைக்க ஏதாவது வேண்டும் அல்லவா? அதைத்தான் அடுத்த படியில் தவிர்க்கப் போகிறோம்.

அதற்கு முன் இன்னொரு நன்மையையும் சொல்லிவிடுகிறேன். ட்ரஸ்ஸின் அடியில் குறுக்காக ஓடும் பாட்டம் கார்டு சாதாரண நாளில் இழுவையில் இருக்கும். இழுவையில் இருப்பது மெலிந்திருந்தாலும் பாதகமில்லை என்று ஒல்லி ஆங்கிளாகப் போடுவார்கள். காற்று கூரையைத் தூக்கும்போது விசை திசை மாறி, அதே உறுப்பு அழுத்தத்துக்கு ஆளாகும். இழுத்துப் பிடிக்கப் பிறந்தது அழுத்தினால் மடங்கும். இதெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும் என்பதால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் காற்றுச் சுரங்கமே வைத்து ஆராய்கிறார்கள். அவர்கள் பாட்டுக்கு ஆராயட்டும். ஷீட்டுக்குப் போடும் ஸ்க்ரூவில் பாதியைக் குறைத்துவிட்டால் 2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தா மாதிரி ஒரு புயலுக்கு உங்கள் ஷீட் பக்கத்துத் தெருவுக்கே போய்ச் சேரும்.

3. அஸ்திவாரத்தில் மிச்சம் பிடியுங்கள்

மண்ணுக்குள் போவது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே அங்கே செலவழிப்பது வீண் ஆடம்பரம். 9 டன்னை 8 கம்பத்துக்குப் பங்கிட்டால் கம்பத்துக்கு 1,100 கிலோவுக்கு மேல் மேல்நோக்கி இழுக்கும். மேஸ்திரி வழக்கமாகப் போடும் 2 அடிக் கனச்சதுரக் கான்கிரீட் கட்டியின் எடை சுமார் 540 கிலோ. சுற்றியுள்ள மண் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். மழையில் ஊறிய மண் அதையும் விட்டுவிடும். புயல் மழையில்லாமல் வருவதில்லை என்பது நமக்குச் சாதகம்.

கம்பத்தின் அடித்தகடான பேஸ் பிளேட்டில் நான்கு துளை இருந்தால் இரண்டில் மட்டும் ஆங்கர் போல்ட் போடுங்கள். துளையும் போல்ட்டும் ஒத்து வராவிட்டால் கேஸ் கட்டரால் துளையை அகலமாக்கி, மேலே வாஷரை வைத்து மூடிவிடுங்கள். பிளேட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே உள்ள சந்தை கிரௌட் ஊற்றி அடைக்காமல், உடைந்த ஓட்டுச் சில்லைச் சொருகி மட்டம் பார்க்கலாம்.

இந்தப் படியில் பெரிய அளவில் முன்னோடி வேண்டுமென்றால் மும்பை காட்கோபர். 40-க்கு 40 அடிதான் வைக்கலாம் என்றிருந்த ஊரில் அதைப் போலப் பல மடங்கு பெரிய விளம்பரப் பலகையை நிறுத்தியிருந்தார்கள். 2024 மே 13 மாலை அடித்த காற்றில் அது அப்படியே பெட்ரோல் பங்க் மேல் சாய்ந்தது. 17 பேர் இறந்தார்கள். அஸ்திவாரம் போதாது என்று விசாரணையில் தெரியவந்தது. காற்றுக்கு எதிரே நிற்கும் எதுவும் முதலில் மண்ணோடு இருக்கும் பிடியைத்தான் சோதிக்கும்.

4. கம்பம் ஒல்லியாகவும் உயரமாகவும் இருக்கட்டும்

1744-ல் ஆய்லர் என்ற கணித மேதை, கம்பம் எப்போது பக்கவாட்டில் வளைந்துகொள்ளும் என்பதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். தென்னை ஈர்க்கை முழு நீளத்துக்கு நிறுத்தி நுனியை அழுத்தினால் வில்லாக வளையும். விரல்நீளத் துண்டாக ஒடித்து அழுத்தினால் உங்கள் விரல்தான் வலிக்கும். சூத்திரம் சொல்வதும் இதுதான். ஒல்லிக் கம்பத்தின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் தாங்கும் பாரம் நாலில் ஒன்றாகிவிடும். பத்தடியில் 4 டன் தாங்கியது இருபதடியில் 1 டன்தான். காலை மட்டும் இறுக்கிவிட்டுத் தலையை எதோடும் பிணைக்காமல் விட்டால், கம்பம் தன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு உயரமானதாக நடந்துகொள்ளும்.

இதில் உங்களுக்கு மிகவும் உதவப் போவது, "நல்ல கிரேடு இரும்பு வாங்கியிருக்கேன்" என்ற தைரியம். ஆய்லர் சூத்திரத்தில் இரும்பின் பலம் வருவதே இல்லை. விறைப்பு மட்டும்தான் வருகிறது. அது எந்த கிரேடுக்கும் ஒன்றுதான், சதுர மில்லிமீட்டருக்கு 2 லட்சம் நியூட்டன். ஆகவே ஒல்லிக் கம்பத்துக்கு விலை உயர்ந்த இரும்பு போட்டாலும் அதே பாரத்தில் அதே மாதிரி வளையும். காசும் போகும், ஷெட்டும் போகும்.

உறுப்பின் நீளத்தை அதன் சுழல் ஆரத்தால் (வெட்டுமுகத்தில் இரும்பு நடு அச்சிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதற்கான அளவு) வகுத்து வரும் எண்ணை மெலிவு விகிதம் என்பார்கள். அழுத்தம் தாங்கும் உறுப்புக்கு அது 180-ஐத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 800. எங்கும் பார்க்கிற 50-க்கு 50, 6 மி.மீ. ஆங்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குக் கெட்டியாக இருக்கும், மீட்டருக்கு நாலரைக் கிலோ கனம். ஆனால் ஆங்கிள் நாம் நினைக்கும் பக்கம் வளையாது. மூலைவாட்டில், அதன் பலம் மிகக் குறைந்த அச்சில் வளையும். அந்தப் பக்கம் சுழல் ஆரம் 9.6 மி.மீ.தான். 180-ஆல் பெருக்கினால் 1.73 மீட்டர். ஆறடிகூட இல்லை. இதைப் பத்தடிக் கம்பமாகவே நிறுத்தியிருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களே இத்துறையின் ஆசான்கள்.

5. குறுக்குக் கம்பிகளைக் கழற்றுங்கள்

நாலு கம்பியை நாற்சதுரமாகக் கோத்துப் பக்கத்திலிருந்து தள்ளினால் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஒரு கம்பி போட்டு முக்கோணமாக்கினால் அசையாது. பள்ளிக்கூட வடிவியல் இவ்வளவுதான். அதற்காகத்தான் கம்பங்களுக்கு நடுவிலும் கூரைத் தளத்திலும் எக்ஸ் வடிவில் பிரேசிங் போடுகிறார்கள். இது பார்க்க அசிங்கமாக இருக்கிறது, டெம்போ உள்ளே வர இடைஞ்சல் என்று சொல்லிக் கழற்றிவிடுங்கள். "எந்த வேலையும் செய்யாம சும்மா நிக்குது சார்" என்று மேஸ்திரியும் ஆமோதிப்பார். காற்றடிக்காத நாளில் அவர் சொல்வது முழு உண்மை.

கட்டும்போதே விழ வைக்க ஆசையிருந்தால் அதற்கும் வழி உண்டு. ட்ரஸ்களை வரிசையாக நிறுத்தி, பர்லினும் பிரேசிங்கும் போடாமல், ஒரு கயிறுகூடக் கட்டாமல், எல்லாரும் டீ குடிக்கப் போய்விடுங்கள். முதல் ட்ரஸ் சாய்ந்தால் மற்றவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

6. இணைப்புதான் உயிர்நாடி, அங்கே கை வையுங்கள்

உறுப்பு நடுவில் முறிவதைவிட இணைப்பு விட்டுப்போவதுதான் அதிகம். பட்டறையில் ஒழுங்காக வைத்த 6 மி.மீ. ஃபில்லட் வெல்டு, 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு விதிப்படி சுமார் 8 டன் தாங்கும். இதை உடைப்பது கடினம். ஆகவே வைக்காமலே விடுவது நல்லது. இரண்டு முனையிலும் பொட்டாக ஒரு டாக் வெல்டு மட்டும் வைத்து, "அப்புறம் ஃபுல் வெல்டிங் பண்ணிக்கலாம்" என்று சொல்லுங்கள். அந்த அப்புறம் வராது. வெல்டிங் ராடை மழையில் நனைய விடுங்கள். வெல்டுக்குள் குமிழ் குமிழாக ஓட்டை விழும். மேலே படிந்த ஸ்லாகைத் தட்டி எடுத்துப் பார்க்காமல் ரெட் ஆக்சைடு அடித்துவிட்டால் எல்லா வெல்டும் ஒரே அழகு.

போல்ட்டின் தலையில் 4.6, 8.8 என்று எண் பொறித்திருக்கும். 8.8 என்றால் அறும் பலம் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், அதில் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 640 வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். 4.6-க்கு 400-ம் 240-ம்தான். இரண்டும் ஒரே பருமன், ஒரே ஸ்பானர். ஒரே சாக்கில் கலந்து கொட்டிவிட்டு, கைக்கு வந்ததைப் போடச் சொல்லுங்கள்.

துளையைத் தகட்டின் ஓரமாகப் போடுவது இன்னும் விசேஷம். 20 மி.மீ. போல்ட்டுக்குத் துளை 22 மி.மீ.; மெஷினில் வெட்டிய விளிம்பிலிருந்து துளையின் நடுவுக்கு 33 மி.மீ.யாவது விடச் சொல்கிறது விதி. 15 மி.மீ. விட்டுப் பாருங்கள், போல்ட் அறவே அறாது. தகடுதான் கிழிந்துகொண்டு வரும்.

7. வரைபடத்தை நடுவில் மாற்றுங்கள்

எவ்வளவு தடுத்தும் ஒரு வரைபடம் வந்து சேர்ந்துவிட்டதா? கவலை வேண்டாம். வேலை நடக்கும்போது சௌகரியத்துக்காக ஒரே ஒரு இடத்தில் மாற்றுங்கள். கணக்கை மறுபடி போடாதீர்கள்.

அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஓட்டலின் முன்கூடத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு நடைபாலங்கள் தொங்கின. முதல் வரைபடத்தில், கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி இறங்கி இரண்டையும் தாங்கியது. அவ்வளவு நீளக் கம்பிக்கு மரை வெட்டுவது தொல்லை என்று, கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒரு கம்பி, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு இன்னொரு கம்பி என்று பிரித்தார்கள். பார்வைக்கு வித்தியாசமே இல்லை. ஆனால் மேல் பாலத்தின் உத்திரத்துக்கு அடியில் இருந்த நட், அதுவரை தன் பாலத்தை மட்டும் தாங்கினால் போதும் என்றிருந்தது, இப்போது கீழ்ப் பாலத்தையும் சேர்த்துச் சுமந்தது. பாரம் இரண்டு மடங்கு. முதல் வரைபடத்து இணைப்பே விதி கேட்ட பலத்தை எட்டவில்லை என்பது பிறகு தெரிந்தது. 1981 ஜூலை 17 மாலை, நடன நிகழ்ச்சிக்குக் கூட்டம் கூடியிருந்த நேரத்தில், நட் உத்திரத்தைப் பிளந்துகொண்டு மேலேறியது. 114 பேர் இறந்தார்கள். மாற்றத்துக்கு ஒப்புதல் முத்திரை குத்தியது ஒரு நிமிட வேலை.

8. இரும்பு பேசினால் காது கொடுக்காதீர்கள்

விழப்போகும் இரும்பு முன்கூட்டியே சொல்லும் என்றேன் அல்லவா? அதைக் கேட்காமல் இருக்க மனஉறுதி வேண்டும். கனடாவில் கியூபெக் பாலம் கட்டும்போது நடுக் கண்ணின் அகலத்தை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக்கினார்கள். பாலத்தின் சொந்த எடை எவ்வளவு கூடியது என்று மறுபடி ஒழுங்காகக் கணக்கிடவில்லை. 1907 ஆகஸ்டில், அழுத்தம் தாங்கும் அடி உறுப்பு ஒன்று 2 அங்குலத்துக்கு மேல் வளைந்திருந்தது. அது பட்டறையிலிருந்தே அப்படித்தான் வந்தது என்று ஒரு கட்சி வாதாடியது. ஆலோசகர் தியோடர் கூப்பர் இருந்தது நியூயார்க்கில். இரும்பு ஏற்றத் தொடங்கிய பின் அவர் பாலத்தை வந்து பார்த்ததில்லை. நிலைமையைச் சொல்ல நார்மன் மெக்லூர் என்ற இளம் இன்ஜினியர் ரயிலேறிப் போனார். மேற்கொண்டு பாரம் ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் தந்தி கொடுத்தார், பாலத்துக்கல்ல, பென்சில்வேனியாவில் இருந்த, பாலத்தைக் கட்டும் கம்பெனிக்கு. ஆகஸ்ட் 29 மாலை பாலம் ஆற்றுக்குள் போனது. 75 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

"கம்ப்யூட்டரே ஓகே சொல்லிடுச்சு" என்பதும் நல்ல காதடைப்பான். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்து விளையாட்டரங்கின் பிரம்மாண்டக் கூரையை 1970-களிலேயே கம்ப்யூட்டரில் கணக்கிட்டார்கள். மேல்தள உறுப்புகள் நடுவில் பக்கவாட்டுப் பிடிப்போடு இருக்கின்றன என்று கம்ப்யூட்டரிடம் சொல்லியிருந்தார்கள். நிஜத்தில் அந்தப் பிடிப்பு போதவில்லை. கூரையை ஏற்றியபோது கணக்கைப் போல இரண்டு மடங்கு தொய்ந்தது. கணக்குக்கும் நடப்புக்கும் வித்தியாசம் சகஜம் என்று சமாதானம் சொன்னார்கள். 1978 ஜனவரி 18 விடியற்காலை, பனிப் பாரத்தில் கூரை மொத்தமும் தரைக்கு வந்தது. சில மணி நேரம் முன்புவரை அங்கே ஆயிரக்கணக்கானோர் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சாகாதது அதிர்ஷ்டம். அதை எந்த மென்பொருளும் கணக்கிட்டுத் தராது.

9. நின்றுவிட்டால் மனம் தளராதீர்கள்

இத்தனைக்குப் பிறகும் ஷெட் நிற்கிறது என்றால், அதற்குக் காரணம் விதித்தொகுப்பு வைத்திருக்கும் உபரி. பாரத்தை ஒன்றரை மடங்காக்கி, இரும்பின் பலத்தை 1.1-ஆல் வகுத்துக் குறைத்துத்தான் கணக்கே தொடங்கும். நம் அறியாமைக்கு ஒதுக்கிய இந்த உபரியை உங்களுக்குக் கிடைத்த தள்ளுபடியாக எடுத்துக்கொள்ளுங்கள். மேலே 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வையுங்கள், 1 டன் ஏறிவிடும். ட்ரஸ்ஸின் நடுவில் செயின் பிளாக் மாட்டி எஞ்சின் தூக்குங்கள். கம்பத்தின் கால் எப்போதும் ஈரத்தில் நிற்கும்படி பேஸ் பிளேட்டைச் சுற்றி மண்ணைக் குவியுங்கள்; துரு அடியிலிருந்து வேலையைத் தொடங்கும். பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலம், உப்புக் காற்றில், 1964 புயலில் கர்டர்களை இழந்த பிறகும், நூறாண்டு தாண்டி ரயிலைச் சுமந்தது ஓயாத பராமரிப்பால்தான். அந்தக் கெட்ட உதாரணம் உங்களுக்கு வேண்டாம்.

கையேடு இத்துடன் முடிந்தது. இதில் சொன்ன எதையும் நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு படியையும் யாரோ எங்கோ நல்ல எண்ணத்தோடு, காசு மிச்சம் என்றோ வேலை சீக்கிரம் முடியட்டும் என்றோ செய்து பார்த்ததுதான். மேலே சொன்ன விபத்துகள் எதிலும் மட்டமான இரும்பு குற்றவாளி இல்லை. போடாத கணக்கும் கேட்காத கேள்வியும்தான் ஆளைக் கொன்றன. விழாத ஷெட் வேண்டும் என்ற விபரீத ஆசை யாருக்காவது இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் நாலு விஷயம் கேளுங்கள்: இன்ஜினியர் கையெழுத்திட்ட வரைபடம் எங்கே, எந்தக் காற்று வேகத்துக்குக் கணக்கு போட்டது, பிரேசிங் எந்தெந்த இடத்தில், அஸ்திவாரம் மேல்நோக்கிய இழுப்பைத் தாங்குமா? நாலுக்கும் பதிலாக யானைதான் வருகிறது என்றால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேறு பட்டறை பாருங்கள்.